கடமை தவறாத கடைக்காரர் வெர்னன் டேமர்

(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றப்பெற்ற உரை)

     

இத்தகைய விழாக்களில் பெருந்தலைவர்களைப் போற்றிப் பேசுவது மரபு. அண்ணல் அம்பேத்கர், பண்டிதர் அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசனார், எம். சி. இராசா ஆகியோரைப் பற்றிப் பேச நம்மினும் தகுதி மிக்க பெரியோர் இம்மேடையில் அமர்ந்திருக்கின்றனர். நமக்கு இடப்பெற்ற தலைப்போ ‘சமுதாய முன்னேற்றத்தில் வணிகரின் பங்கு’ என்பதாகும். அதனை விளக்குவதற்கு ஒரு சிறு நகரத்துக் கடைக்காரரின் வாழ்வை எடுத்துக்கொண்டோம். அவர் பட்டம் பெற்றவர் அல்லர். சட்டமன்றத்தில் அமர்ந்தவரும் அல்லர். மளிகைக் கடை நடத்தினார், மரம் அறுக்கும் ஆலை வைத்திருந்தார், பருத்தி பயிரிட்டார், ஞாயிறுதோறும் தேவாலயத்துக்குச் சென்றார். அவர் பெயர் வெர்னன் டேமர். அமெரிக்க நாட்டில், மிசிசிப்பி மாநிலத்தில், ஹாட்டீஸ்பர்க் என்னும் நகரை அடுத்து வாழ்ந்த கருப்பினத்தவர்.

கடல் கடந்த நாட்டவர் கதை நமக்கு எதற்கு என இளைஞர் சிலர் எண்ணக்கூடும். அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க் நகரின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றார் என்பதை நீவிர் அறிவீர்கள். அவரே 1946 ஆம் ஆண்டில், கருப்பின அறிஞர் டு பாய்ஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதி, அம்மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த விண்ணப்பத்தைப் பற்றி விசாரித்தார். 1972 இல் பம்பாயில் தோன்றிய தலித் சிறுத்தைகள் இயக்கம், அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளின் பெயரைத் தழுவியே தனக்குப் பெயரிட்டுக்கொண்டது. ஆகவே அம்மக்கள் நமக்கு அயலார் அல்லர். அவர்கள் பட்ட பாட்டை அறிவது நம் பாட்டைத் தெளிவாக அறிய உதவும்.

ஊரும் சட்டமும்

டேமர் வாழ்ந்த ஊரின் நிலையை முதலில் சொல்ல வேண்டும். ஹாட்டீஸ்பர்க், பைன் மரக் காடுகளிடையே, மர வணிகத்தாலும் இருப்புப் பாதையாலும் வளர்ந்த நகரம். 1960 இல் அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 35,000. நம் தாலுகாத் தலைநகர்களை நினைத்துக்கொண்டால் போதும். அந்நகரைத் தலைநகராகக் கொண்ட மாவட்டத்தின் பெயர் பாரஸ்ட் கவுண்டி. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தளபதியும், பின்னர்க் கூ கிளக்ஸ் கிளான் என்னும் வெள்ளையர் வன்முறைக் கூட்டத்தின் முதல் தலைவராக விளங்கியவருமான நேதன் பெட்போர்டு பாரஸ்ட் என்பவரின் பெயர் அது. அத்தகைய பெயர் பொறித்த நீதிமன்றக் கட்டடத்திற்குச் சென்றுதான் கருப்பின மக்கள் தம் வாக்குரிமையைக் கேட்க வேண்டியிருந்தது.

1870 ஆம் ஆண்டிலேயே அமெரிக்க அரசியலமைப்பின் பதினைந்தாம் திருத்தம், நிறம் காரணமாக எவர்க்கும் வாக்குரிமை மறுக்கலாகாது என்று விதித்துவிட்டது. ஆனால் மிசிசிப்பி மாநிலம் 1890 இல் தனக்கென ஓர் அரசியலமைப்பை இயற்றி, அவ்வுரிமையைப் பின்வாசல் வழியே பறித்தது. அதற்கு இரண்டு கருவிகள் பயன்பட்டன. ஒன்று, வாக்கு வரி. ஆண்டுக்கு இரண்டு டாலர் செலுத்தி ரசீது பெற்றிருத்தல் வேண்டும். மற்றொன்று, தேர்வு. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கச் செல்பவர், மாநில அரசியலமைப்பிலிருந்து பதிவு அலுவலர் காட்டும் பகுதிக்குப் பொருள் கூற வேண்டும். சொன்ன பொருள் சரியா தவறா என்பதைத் தீர்மானிப்பவர் அவ்வலுவலரே. வெள்ளையர்க்கு எளிய வரியைக் காட்டுவதும், கருப்பினத்தார்க்கு வழக்கறிஞரும் தடுமாறும் பகுதியைக் காட்டுவதும் வழக்கமாயின. ஒரு சோப்புக் கட்டியில் எத்தனை குமிழிகள் உள்ளன என்றுகூடக் கேட்டதாக அவ்வூரார் சொல்வர்.

இதன் விளைவு யாது? 1960 அளவில் பாரஸ்ட் மாவட்டத்தில் வாக்களிக்கும் வயதடைந்த கருப்பினத்தார் ஏறத்தாழ 7,500 பேர். அவர்களுள் பட்டியலில் இடம்பெற்றோர் சிலரே. பட்டம் பெற்ற ஆசிரியரும் அத்தேர்வில் ‘தோற்றனர்’. சட்டப் புத்தகத்தில் உரிமை இருந்தது. அலுவலகச் சாளரத்தில் அது கிட்டவில்லை.

நிலமும் ஆலையும் கடையும்

வெர்னன் டேமர் 1908 மார்ச்சு 10 ஆம் நாள் பிறந்தார். ஹாட்டீஸ்பர்க்கிற்கு வடக்கே உள்ள கெல்லி குடியிருப்பு என்னும் சிற்றூர் அவர் பிறந்த இடம். அவர்தம் தாயாரின் குடும்பப் பெயரே அவ்வூரின் பெயர். பள்ளியிறுதி வகுப்பை முடிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆனால் உழைப்பு நிற்கவில்லை. காலப்போக்கில் ஏறத்தாழ இருநூறு ஏக்கர் நிலம், மரம் அறுக்கும் ஆலை, மரத்தை இழைத்து வழவழப்பாக்கும் ஆலை, சாலையோரத்தில் ஒரு மளிகைக் கடை என அவரது தொழில் பெருகியது. அக்கம் பக்கத்து ஏழை மக்கள் பலர்க்கு அவருடைய வயலும் ஆலையும் வேலை அளித்தன.

இவ்விடத்தில் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். டேமரின் முன்னோருள் வெள்ளையரும் இருந்தமையால் அவர்தம் மேனி மிக வெளுத்திருந்தது. வெளியூர் சென்றால் அவரை வெள்ளையர் என்றே எவரும் கருதுவர். அந்நாளில் அத்தகைய நிறமுடையோர் பலர் வடமாநிலங்களுக்குப் பெயர்ந்து, பிறப்பை மறைத்து, வெள்ளையராகவே வாழ்ந்து மறைந்தனர். அவ்வாறு செய்திருந்தால் டேமருக்கும் உணவகக் கதவு திறந்திருக்கும். வாக்குச் சாவடிக் கதவும் திறந்திருக்கும். அவர் அதனை நாடவில்லை. பிறந்த ஊரிலேயே, பிறந்த மக்களோடு, அவர்களுள் ஒருவராகவே வாழ்ந்தார்.

நகரங்களில் வேலை பெற்றுச் செல்லும் நம் இளைஞர்க்கு இதன் பொருளை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. வாடகை வீட்டுக்காரர் ‘நீங்கள் எந்த ஊர், எந்தப் பக்கம்’ என்று வினவும்போது நெஞ்சில் எழும் போராட்டத்தை அவர்கள் அறிவர். மறைத்து வாழ்வோரைக் குறை கூறுதல் நம் நோக்கமன்று. அவர்களை மறைக்கச் செய்யும் சமூகமே குற்றவாளி. எனினும் மறைக்கத் தேவையில்லாத துணிவை டேமர் எங்கிருந்து பெற்றார் என்று எண்ணிப் பார்ப்பது நலம்.

அவர் வாழ்க்கையை ஆராய்ந்தால் அத்துணிவுக்கு ஓர் அடிப்படை புலப்படும். அது பொருளாதார விடுதலை. மிசிசிப்பியில் வாக்குரிமை கேட்டவர்க்கு முதலில் விழும் அடி வயிற்றில் விழும். 1954 இல் தொடங்கிய வெள்ளைக் குடிமக்கள் மன்றங்கள் இதனை ஒரு முறையாகவே கையாண்டன. குத்தகை உழவனாயின் நிலத்தை விட்டு வெளியேற்றுவர்; கூலியாளாயின் வேலையிலிருந்து நீக்குவர்; ஆசிரியராயின் மறு ஆண்டு பணி நியமனம் வாராது; சிறு வணிகராயின் வங்கிக் கடன் நிற்கும். டேமர் தம் சொந்த நிலத்தில் உழுதார். தம் சொந்த ஆலையில் மரம் அறுத்தார். தம் சொந்தக் கடையில் பொருள் விற்றார். அவரை வேலையிலிருந்து நீக்க ஒரு முதலாளி இல்லை. எனவே பிறரால் சொல்ல முடியாததை அவரால் சொல்ல முடிந்தது.

ஆலயமும் சங்கமும்

டேமர் ஷேடி குரோவ் பாப்டிஸ்ட் தேவாலயத்தின் உறுப்பினர். அங்கு ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்தினார். பாடற் குழுவை நடத்தும் பொறுப்பையும் ஏற்றிருந்தார். ஆறு நாள் கணக்குப் பார்த்த கை, ஏழாம் நாள் சிறுவர்க்கு வேதம் கற்பித்தது. பக்தி ஒருபுறமும் உரிமைப் பணி ஒருபுறமும் என அவர் பிரித்துக்கொள்ளவில்லை. நிறமக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் பாரஸ்ட் மாவட்டக் கிளைக்குத் தலைவராகவும் பணியாற்றினார். அச்சங்கத்தில் உறுப்பினர் என்று அறியப்படுவதே ஆபத்தாக இருந்த காலம் அது.

அவருக்கு உற்ற துணையாக அமைந்தவர் எல்லி அம்மையார். 1952 இல் அவரை மணந்துகொண்ட எல்லி, ஒரு பள்ளி ஆசிரியை. டேமருக்கு முந்திய மணங்களில் பிறந்தவர்களையும் சேர்த்து ஏழு ஆண் மக்களும் ஒரு பெண்ணும் இருந்தனர். அவர்கள் அனைவரையும் உழைப்பிலும் ஒழுக்கத்திலும் வளர்த்தார்.

வாக்குரிமைக்காக அவர் நடத்திய போராட்டம் ஒரு நாளில் தொடங்கியதன்று. 1950 ஆம் ஆண்டிலேயே, மாவட்டப் பதிவு அலுவலரின் அநீதியை எதிர்த்துக் கருப்பினத்தார் சிலர் தொடுத்த வழக்கில் அவரும் சேர்ந்துகொண்டார். 1959 இல் பதவிக்கு வந்த தெரன் லிண்டு என்னும் அலுவலர் முன்னவரினும் கொடியவராக அமைந்தார். ஈராண்டு அளவும் கருப்பினத்தார் ஒருவரையேனும் விண்ணப்பிக்கவே விடவில்லை. நடுவணரசு வழக்குத் தொடுத்தது. நீதிமன்ற ஆணையையும் மதியாமையால் லிண்டு நீதிமன்ற அவமதிப்புக்கு ஆளானார்.

அக்காலத்தில் டேமரின் நண்பர் ஒருவர்க்கு நேர்ந்த கதியையும் கூறுதல் வேண்டும். கிளைடு கென்னார்டு என்பவர் போர்வீரராய்ப் பணிபுரிந்து திரும்பியவர். கோழிப் பண்ணை வைத்திருந்தவர். ஹாட்டீஸ்பர்க்கில் இருந்த வெள்ளையர் கல்லூரியில் சேர்ந்து படிப்பை முடிக்க விரும்பினார். அவர் கேட்டது அவ்வளவே. 1960 இல் இருபத்தைந்து டாலர் மதிப்புள்ள கோழித் தீவனத்தைத் திருடச் செய்தார் என்று பொய் வழக்குப் புனைந்து அவருக்கு ஏழாண்டுச் சிறை விதித்தனர். சிறையில் புற்றுநோய் முற்றிய பின்னரே விடுவித்தனர். 1963 சூலை 4 ஆம் நாள் அவர் இறந்தார். அவர் குற்றமற்றவர் என்று நீதிமன்றம் அறிவித்தது 2006 ஆம் ஆண்டில். ஒரு கல்லூரி இடத்திற்கு ஓர் உயிர் விலையாயிற்று. மாணவர்களே, நீங்கள் அமர்ந்து படிக்கும் இருக்கையை இதனோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

நண்பரின் முடிவைக் கண்டும் டேமர் பின்வாங்கவில்லை. 1962 இல், மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழுவைச் சேர்ந்த கர்ட்டிஸ் ஹேஸ், ஹாலிஸ் வாட்கின்ஸ் என்னும் இரண்டு இளைஞர்கள் வாக்காளர் பதிவுப் பணிக்காக அவ்வூர்க்கு வந்தனர். வந்தவர்களுக்கு டேமர் தம் பண்ணையில் இடமளித்து உணவளித்தார். அவர்களும் அவர் தொழிலில் கைகொடுத்துக்கொண்டே பதிவுப் பணியைச் செய்தனர். போராட வந்த இளைஞனுக்கும் பசிக்கும், படுக்க இடம் வேண்டும் என்பதை அந்தக் கடைக்காரர் அறிந்திருந்தார். 1964 சனவரி 22 ஆம் நாள் ஹாட்டீஸ்பர்க் நீதிமன்றத்தின் முன் நடந்த ‘விடுதலை நாள்’ மறியலில் மழையில் நனைந்தபடி நூற்றுக்கணக்கானோர் அணிவகுத்தனர் என்றால், அதற்கு முன்னிருந்த ஈராண்டு அமைதியான உழைப்பில் இவர்க்குப் பெரும் பங்குண்டு.

இரண்டு டாலர்

1965 ஆகஸ்டு 6 ஆம் நாள் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது. தேர்வு என்னும் தடை அகன்றது. ஆனால் வாக்கு வரி இன்னும் ஒழியவில்லை. 1964 இல் வந்த இருபத்து நான்காம் திருத்தம் நடுவணரசுத் தேர்தல்களுக்கு மட்டுமே அவ்வரியை நீக்கியது. மாநிலத் தேர்தலிலும் மாவட்டத் தேர்தலிலும் வாக்களிக்க ரசீது இன்றியமையாததாக இருந்தது. அவ்வரியைப் பிப்ரவரி முதல் நாளுக்குள் செலுத்த வேண்டும். செலுத்துமிடமோ நகரத்தில் இருக்கும் நீதிமன்றக் கட்டடம். ஏழைக் கூலியாளுக்கு இரண்டு டாலர் எளிதன்று. ஒரு நாள் கூலியை இழந்து நகரம் செல்வதும் எளிதன்று. அங்குச் சென்று வெள்ளை அலுவலரின் முறைத்த பார்வைக்கு முன் நிற்பது அதனினும் அரிது.

டேமர் இதற்கு ஒரு கடைக்காரரின் வழியைக் கண்டார். மாவட்ட ஷெரீப்பிடம் இசைவு பெற்று, வாக்கு வரி ரசீதுப் புத்தகத்தைத் தம் மளிகைக் கடையிலேயே வாங்கி வைத்தார். மாவும் எண்ணெயும் வாங்க வரும் மக்கள் அங்கேயே வரி செலுத்தி ரசீது பெற்றுச் செல்லலாம். 1966 சனவரி 9, ஞாயிற்றுக்கிழமையன்று அவரது அறிவிப்பு வானொலியில் ஒலித்தது. வரி செலுத்த விரும்புவோர் தம் கடைக்கு வரலாம். செலுத்த வகையற்றோர்க்குத் தாமே செலுத்துவதாக அவர் கூறினார்.

அவர் செய்தது என்ன என்பதை நன்கு நோக்குக. உரிமை நகரத்திலே, நீதிமன்றத்திலே, அச்சுறுத்தும் கட்டடத்திலே இருந்தது. அதனைத் தம் ஊருக்கு, தம் கடைக்கு, பழகிய மனிதர் நிற்கும் இடத்திற்குக் கொண்டுவந்தார். ஒரு ரசீதுப் புத்தகத்தைக் கல்லாப் பெட்டியின் அருகே வைத்தார். பேருரை ஏதும் ஆற்றவில்லை. இதனைத்தான் பகைவர் பொறுக்கவில்லை.

அந்த இரவு

பல ஆண்டுகளாகவே அக்குடும்பத்திற்கு அச்சுறுத்தல் இருந்தது. கணவரும் மனைவியும் முறைவைத்து உறங்கிக் காவல் இருந்தனர். வாக்குரிமைச் சட்டம் வந்த பின்னர், இனி இடர் குறைந்தது என்றெண்ணி அக்காவலைத் தளர்த்தியிருந்தனர்.

வானொலியில் அறிவிப்பு வந்த அன்றிரவு, விடிந்தால் சனவரி 10, நள்ளிரவு கடந்து இரண்டு மணியளவில் கிளான் கூட்டத்தார் இரண்டு கார்களில் வந்தனர். வீட்டின் மீதும் கடையின் மீதும் பெட்ரோல் நிறைந்த கலங்களை எறிந்து தீ வைத்தனர், துப்பாக்கியால் சுட்டனர். டேமர் தம் துப்பாக்கியை எடுத்து முன்புறத்திலிருந்து எதிர்த்துச் சுட்டார். அவ்விடைவெளியில் எல்லி அம்மையார் பிள்ளைகளைப் பின்புறச் சாளரத்தின் வழியே வெளியேற்றினார். பத்து வயது மகள் கடுந்தீக்காயம் அடைந்தாள். கடையின் பின்பகுதியில் வசித்த வயது முதிர்ந்த அத்தை உயிர் தப்பினார். அனைவரும் வெளியேறும் வரையில் உள்ளே நின்ற டேமரின் நுரையீரல் அனலால் வெந்துபோயிற்று.

மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபோதும் அவர் வாக்குரிமையைப் பற்றியே பேசினார். வாக்களிக்காதவன் கணக்கில் வாராதவன் என்பது அவர் வழக்கமாகக் கூறும் சொல். அன்றைய தினமே அவர் உயிர் நீங்கியது. வயது ஐம்பத்தேழு.

அப்பொழுது அவருடைய மக்கள் நால்வர் அமெரிக்க இராணுவப் பணியில் இருந்தனர். செய்தி கேட்டு விரைந்து வந்து, சீருடையோடு, எரிந்து கிடந்த தம் வீட்டின் சாம்பலில் நின்ற நால்வரின் நிழற்படம் நாடெங்கும் பரவியது. நாட்டைக் காக்க நான்கு மக்களை அளித்த தந்தைக்கு அந்நாடு ஒரு வாக்கைப் பாதுகாத்துத் தரவில்லை. குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் இரங்கல் தந்தி அனுப்பினார். ஹாட்டீஸ்பர்க் நகரத்தில் வெள்ளையரும் கருப்பினத்தாரும் பொருளும் உழைப்பும் நல்கி அக்குடும்பத்திற்கு மீண்டும் ஒரு வீடு எழ உதவினர் என்பதையும் நாம் மறைக்கலாகாது. எந்த ஊரிலும் நெஞ்சில் ஈரமுள்ளோர் சிலர் இருக்கவே செய்வர்.

1966 மார்ச்சு 24 ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மாநிலத் தேர்தல்களிலும் வாக்கு வரி செல்லாது என்று தீர்ப்பளித்தது. டேமர் மறைந்து இரண்டரைத் திங்கள் கடந்திருந்தது.

நீதி வந்த வழி

கொலையாளிகள் சிலர் தண்டனை பெற்றனர். ஆயுள் தண்டனை என்று பெயர். ஆனால் அவர்களுள் ஒருவரும் பத்தாண்டுக்கு மேல் சிறையில் இருக்கவில்லை. ஆணையிட்டவன் எனக் குற்றம் சாட்டப்பெற்ற சாம் பவர்ஸ், மிசிசிப்பியில் இருந்த கிளான் கூட்டத்தின் தலைவன். அவன் மீது நடந்த வழக்குகளில் ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. மீண்டும் மீண்டும் அவன் விடுபட்டான். 1964 இல் வாக்குரிமைத் தொண்டர் மூவர் கொல்லப்பட்ட வழக்கில் மட்டும் சில ஆண்டு சிறையிலிருந்தான்.

இந்தச் சாம் பவர்ஸ் யார்? பக்கத்து நகரமான லாரலில் தொழில் நடத்திய ஒரு வணிகன். அவனும் கிறித்தவன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டான்; அவனும் வேதத்தை எடுத்து ஓதினான். ஒரே பகுதி, ஒரே மதம், இருவரும் சிறு நகர வணிகர். ஒருவர் தம் பணத்தால் பிறர்க்கு வாக்கு வாங்கித் தந்தார். மற்றவன் அவர் வீட்டைக் கொளுத்த ஆளனுப்பினான். வணிகம் செய்தலும் வழிபாடு செய்தலும் தம்மளவில் ஒருவரை உயர்த்திவிடா என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

டேமர் குடும்பத்தார் ஓயவில்லை. எல்லி அம்மையாரும் பிள்ளைகளும் ஆண்டுக்கணக்கில் அரசு வழக்கறிஞர்களின் வாயில்களில் ஏறி இறங்கினர். இறுதியில் வழக்கு மீண்டும் எடுக்கப்பெற்றது. 1998 ஆகஸ்டு 21 ஆம் நாள், ஹாட்டீஸ்பர்க் நகரத்திலேயே, வெள்ளையரும் கருப்பினத்தாரும் கலந்து அமர்ந்த ஜூரிகள் பவர்ஸ் குற்றவாளி என்று ஒருமித்துக் கூறினர். ஆயுள் தண்டனை பெற்ற அவன் 2006 இல் சிறையிலேயே மாண்டான். நீதி வர முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆயின. அந்த ஜூரியில் கருப்பினத்தார் அமர்ந்தனர் என்பதற்கே ஒரு காரணம் உண்டு. அம்மாநிலத்தில் வாக்காளர் பட்டியலிலிருந்தே ஜூரிகளைத் தேர்ந்தெடுப்பர். பட்டியலில் பெயரில்லாத இனத்தார்க்கு ஜூரியிலும் இடமில்லை. டேமர் பெயர் சேர்க்கப் பாடுபட்ட அப்பட்டியலே பின்னாளில் அவர்க்கு நீதி வழங்கியது.

எல்லி அம்மையார் 1990-களில் தொடங்கிப் பத்தாண்டுக்கும் மேலாகப் பாரஸ்ட் மாவட்டத்தின் தேர்தல் ஆணையர்களுள் ஒருவராகத் தேர்வு பெற்றுப் பணியாற்றினார். 2020 சனவரியில், பாரஸ்ட் மாவட்ட நீதிமன்றத்தின் முன் வெர்னன் டேமரின் சிலை திறக்கப்பெற்றது. எம்மக்கள் உள்ளே நுழைய அஞ்சினரோ, அக்கட்டடத்தின் வாயிலில் இன்று அவர் நிற்கின்றார்.

நாம் கொள்ள வேண்டுவன

அன்பர்களே! இவ்வரலாற்றை நம் நாட்டோடு ஒப்பிட்டால் ஓர் உண்மை துலங்கும். நம் அரசியலமைப்பின் 326 ஆம் பிரிவு வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை அளித்தது. வரி இல்லை, தேர்வு இல்லை, எழுத்தறிவும் கேட்கப்படவில்லை. 1951–52 இல் நடந்த முதற் பொதுத்தேர்தலில், கையெழுத்திடத் தெரியாத நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் சின்னம் ஒட்டிய பெட்டியைப் பார்த்து வாக்கிட்டனர். அதே ஆண்டில் மிசிசிப்பியில் பட்டம் பெற்ற ஆசிரியர்க்கு வாக்கு மறுக்கப்பட்டது. சொத்துடையார்க்கும் படித்தோர்க்குமே வாக்கு என்றிருந்த நாளில், 1919 இலேயே சவுத்பரோ குழுவின் முன் நம் மக்களின் வாக்குரிமைக்காக வாதாடியவர் அண்ணல் அம்பேத்கர். நாம் விலை கொடுக்காமல் பெற்றதாக எண்ணும் அவ்வுரிமைக்கு விலை கொடுத்தவர் ஒருவர் இருந்தார்.

ஆயினும் ஏட்டில் உள்ள உரிமை ஊரில் நடைமுறைக்கு வர நாம் பட்ட பாடும் சிறிதன்று. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளில் தலைவர் பதவி நம்மவர்க்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காகவே 1996 தொடங்கிப் பத்தாண்டுகள் தேர்தல் நிறைவேறவில்லை. 2006 இல்தான் அது நடந்தேறியது. மேலவளவு ஊராட்சியின் தலைவராகத் தேர்வு பெற்ற முருகேசனும் உடன் சென்றோரும் 1997 சூன் 30 ஆம் நாள் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். ஹாட்டீஸ்பர்க் நமக்கு வெகு தொலைவில் இல்லை.

இனி நம் சங்கத்தார்க்குச் சிலவற்றைக் கூறி அமைவோம்.

முதலாவது, தொழில். நம் இளைஞர் அரசுப் பணியை நாடுவது இயல்பே. நாமும் அவ்வழி வந்தவரே. ஆனால் அரசுப் பணியில் இருப்போர்க்கு வாய்ப்பூட்டு உண்டு. சொந்தக் கடை, சொந்தப் பட்டறை, சொந்த நிலம் உடையோர் நம்முள் பெருகினாலன்றிச் சமுதாயத்தின் குரல் வலுப்பெறாது. மரம் அறுப்பதும் மளிகை விற்பதும் இழிவன்று. படித்த இளைஞன் தராசு பிடித்தால் அவன் கற்ற கல்வி வீணாகிவிடாது. அவன் கணக்கு இன்னும் நேராக இருக்கும்.

இரண்டாவது, அத்தொழிலின் பயன். பொருள் சேர்ந்தபின் ஊரை விட்டுத் தொலைவில் வீடு கட்டிக்கொண்டு, திருவிழாவுக்கு மட்டும் வந்து போகும் வழக்கம் நம்மிடையே பெருகி வருகின்றது. டேமரிடம் பணம் இருந்தது. வெளியேற வழியும் இருந்தது. வெளுத்த தோலும் இருந்தது. அவர் கெல்லி குடியிருப்பிலேயே இருந்தார்.

மூன்றாவது, இன்றே செய்யத்தக்கது. நம் தெருக்களில் இன்றைக்குக் கடை வைத்திருப்போர் பலர் இருக்கின்றனர். மளிகைக் கடை, தையற் கடை, செருப்புக் கடை, கைப்பேசி பழுது பார்க்கும் கடை, நகலெடுக்கும் கடை எனப் பலவகை. ஒவ்வொரு கடையிலும், கல்லாப் பெட்டியின் அருகே, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6, சாதிச் சான்றுக்கும் கல்வி உதவித்தொகைக்கும் என்னென்ன ஆவணங்கள் வேண்டும் என்னும் பட்டியல், விண்ணப்பிக்கும் கடைசி நாள் எழுதிய ஓர் அட்டை ஆகியவை இருக்கட்டும். கல்லூரியில் இடம் கிடைத்தும், ஒரு சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்துக்கும் இ-சேவை மையத்துக்கும் நடந்து கூலி இழக்கும் தாயை நாம் அனைவரும் கண்டிருக்கின்றோம். அவளுக்கு வழி சொல்லவும், அவளிடம் இல்லாத கட்டணத்தைக் கட்டவும் நம் கடைக்காரர் ஒருவர் முன்வந்தால் ஒரு பிள்ளையின் ஓராண்டு பிழைக்கும். அக்கட்டணத்தைத் திருப்பித் தருவதற்கு நம் சங்கம் ஒரு சிறு நிதியை ஒதுக்க வேண்டும் என்று செயற்குழுவை இம்மேடையிலிருந்தே வேண்டிக்கொள்கின்றோம். வெள்ளி விழாவின் நினைவாகக் கல்லில் பெயர் பொறிப்பதினும் இது நிலைக்கும்.

நான்காவது, வழிபாடு. கோயிலுக்குச் செல்வோரும், தேவாலயத்துக்குச் செல்வோரும், புத்த விகாரைக்குச் செல்வோரும், எங்கும் செல்லாதோரும் இச்சங்கத்தில் உறுப்பினராக இருக்கின்றோம். அது நம் பெருமை. யார் எங்கு வணங்கினாலும், வணங்கிவிட்டு வெளியே வந்தபின் பக்கத்து வீட்டானின் உரிமைக்கு என்ன செய்தோம் என்னும் கேள்வி அனைவர்க்கும் பொது. டேமர் ஞாயிறு காலையில் ஆலயத்தில் பாடினார். அதே ஞாயிற்றுக்கிழமை வானொலியில், இல்லாதவர்க்கு நான் கட்டுகிறேன் என்றார். இரண்டையும் ஒரே நம்பிக்கையின் இரு செயல்களாகவே அவர் கருதினார்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இச்சங்கத்தை நிறுவிய பெரியோர் கையில் பெருநிதி இருக்கவில்லை. அவரவர் கூலியிலிருந்தும் சம்பளத்திலிருந்தும் கொடுத்த சில்லறையே முதல் நிதி. அதனால் படித்தோர் இன்று இம்மன்றத்தில் நிறைந்திருக்கின்றனர். அவர்கள் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்குக் கடைதோறும் அந்த ரசீதுப் புத்தகத்தைத் திறந்து வைப்பார்களாக என்று வேண்டி நம் உரையை நிறைவு செய்கின்றோம்.

வாழ்க அண்ணல் அம்பேத்கர் புகழ்! வளர்க நம் சங்கம்!